பாலூ தம்பியை வேலை வாங்குவது எப்படி

போன வருடம் ஆடி மாதம், நான் ஊரில் இல்லாத ஒரு நாள், எங்கள் அச்சகத்துக்கு அவசரமாகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று வந்திருக்கிறது. என்னிடம் வேலை பழகும் பையன்தான் கம்ப்யூட்டரில் இருந்தான். முந்தின நாள் நான் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு டிசைன் செய்துவிட்டு, எழுத்துருவை மாற்றாமல் அப்படியே விட்டுப் போயிருந்தேன். அவனும் மாற்றவில்லை. "கண்ணீர் அஞ்சலி" என்று அடித்தான். இரண்டு சொல்லும் கொழுகொழுவென்று, கன்னத்தில் குழி விழச் சிரித்துக்கொண்டு நின்றன. ப்ரூஃப் பார்க்க வந்த மருமகன் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எங்க மாமாவுக்குப் பொறந்தநாளா?" என்று கேட்டாராம்.

அந்த எழுத்துருவின் பெயரும் தம்பிதான். பாலூ தம்பி. கூகுள் ஃபான்ட்ஸ் என்ற இணையதளத்தில் தேடினால் பாலூ தம்பி 2 என்று கிடைக்கும்.

நான் சிவகாசியில் 1998இல் பேஜ்மேக்கர் என்ற அந்தக் காலத்து மென்பொருளில் கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆரம்பித்தவள். இப்போது பெரும்பாலும் லேபிள் வேலை: பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டி, முறுக்கு, மிட்டாய். விளையாட்டுத்தனமான எழுத்துருக்கள்தான் எனக்குப் பாதிச் சோறு போடுகின்றன. ஊருக்குத் திரும்பியதும் பையனைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து இந்த எழுத்துருவை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக் கொடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆள் யார்

மும்பையில் இருக்கும் ஏக் டைப் என்ற எழுத்துருக் குழு உருவாக்கியது பாலூ. இந்தியில் பாலூ என்றால் கரடி. முக்கியமான இந்திய மொழி எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலூ உண்டு. பெயர்தான் வேடிக்கை: இந்திக்கு வெறும் பாலூ, மற்றவற்றுக்கு அந்தந்த மொழிக்காரர் சகோதரனைக் கூப்பிடும் சொல்லை வாலாகச் சேர்த்திருக்கிறார்கள். மலையாளத்துக்கு சேட்டன், தெலுங்குக்கு தம்முடு, கன்னடத்துக்கு தம்ம, குஜராத்திக்கு பாய், பஞ்சாபிக்கு பாஜி, ஒடியாவுக்கு பைனா, வங்காளத்துக்கு தா. மலையாளிக்கு அண்ணன் பட்டம், நமக்குத் தம்பி பட்டம். சரி, போகட்டும்.

தமிழ் எழுத்துகளை வடிவமைத்தவர் ஆதர்ஷ் ராஜன். 2016இல் முதலில் வந்தபோது ஒரே தடிமன்தான், நல்ல குண்டு. பிறகு வந்த இரண்டாம் பதிப்பில் ரெகுலர், மீடியம், செமிபோல்டு, போல்டு, எக்ஸ்ட்ராபோல்டு என்று ஐந்து.

பார்த்தவுடன் தெரிவது உருண்டை. மூலை எல்லாம் மழுங்கியிருக்கும், குழந்தை வாயில் போட்டுச் சப்பிய மிட்டாய் மாதிரி. கோட்டின் தடிமன் பெரிதாக ஏறி இறங்காது. சொல்லில் ஒரு லேசான துள்ளல் இருக்கும். ஆனால் கோமாளித்தனம் கிடையாது, எழுத்து தெளிவாகப் படிக்க வரும். நான் இதை விடாமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். விளையாட்டு எழுத்துரு என்ற பெயரில் வரும் பலவற்றில் ழ-வுக்கும் மு-வுக்கும் வித்தியாசம் தெரிய வெயிலில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊருக்கு இந்த மாதிரி எழுத்து புதிதில்லை. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகத்துக்கு எழுத்து வரைகிற ஆர்ட்டிஸ்ட் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூடத் தலைப்புச் சொல்லை மட்டும் பிரஷ்ஷால் வரைந்து ஸ்கேன் செய்யும் பெரியவர்கள் இருந்தார்கள். "புஸ்வாணம்" என்று வரைந்தால் அந்த ண-வின் சுழியிலேயே பொறி பறக்கும். பாலூ தம்பி அந்தக் கைக்கு ஈடில்லை. ஆனால் நாளைக்குக் காலையில் பிளேட் போக வேண்டிய வேலைக்கு அந்தக் கை கிடைப்பதில்லையே.

எந்தச் சொல்லைக் கொடுப்பது

இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் கைவேலை. ஒரு லேபிளையோ நோட்டீஸையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் சொற்களில் எதைத் தெருவில் நின்று கூவி விற்க முடியும் என்று பாருங்கள். "முறுக்கு! சூடான முறுக்கு!" கூவலாம். "புஸ்வாணம்!" கூவலாம். "நிகர எடை 200 கிராம்" என்று எவனாவது கூவுவானா? கூவ முடிகிற சொல் தம்பிக்கு. மற்றது எல்லாம் சாதாரண எழுத்துருவுக்கு. அவ்வளவுதான் கணக்கு.

கல்யாண வீட்டில் தம்பி வாசலில் நின்று சந்தனம் கொடுப்பான், வந்தவரைச் சிரித்துக் கூப்பிடுவான். மொய் எழுத அவனை உட்கார வைத்தால் யார் எவ்வளவு என்று ஒன்றும் விளங்காது. லேபிளிலும் அப்படித்தான். பொருளின் பெயர் பாலூவில். சேர்மானம், விலை, முகவரி, பட்டாசு என்றால் எச்சரிக்கை வாசகம், இவை எல்லாம் முக்த மலரில். அதுவும் ஏக் டைப்பின் வேலைதான், ஏழு தடிமனில் இலவசமாகக் கிடைக்கிறது, நேராக நின்று பேசும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சண்டை போடாது. அது பிடிக்காவிட்டால் நோட்டோ சான்ஸ் தமிழ். இன்னொரு விளையாட்டு எழுத்துருவை மட்டும் ஜோடி சேர்க்காதீர்கள். ஒரு வீட்டுக்கு ஒரு குறும்புக்காரன் போதும்.

எந்த விழாவுக்கு ஆகும் என்று கேட்பார்கள். முதல் பிறந்தநாள், காதணி விழா, பள்ளி ஆண்டு விழா, கோடை முகாம், ஐஸ்கிரீம் கடை, பொம்மைக் கடை, குழந்தைகள் பல் மருத்துவர் பெயர்ப் பலகை இவற்றுக்கு யோசிக்காமல் போடலாம். கல்யாணத்துக்குப் பத்திரிகையில் வேண்டாம். நண்பர்கள் வைக்கும் பிளெக்ஸில் இருக்கட்டும். கும்பாபிஷேகம், அஞ்சலி, வங்கி நோட்டீஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் சிலர் கேட்கிறார்கள். நான் போடுவதில்லை. அந்தப் பெண் பிள்ளைக்கு ஏற்கெனவே கூச்சமாக இருக்கும், எழுத்து வேறு பல்லிளிக்க வேண்டுமா?

இறக்குவதும் சோதிப்பதும்

கூகுள் ஃபான்ட்ஸில் டவுன்லோடு கொடுத்தால் ஒரு ஜிப் வரும். விரித்துப் பார்த்தால் எல்லாத் தடிமனும் ஒன்றாக அடங்கிய ஒரு வேரியபிள் கோப்பும், ஸ்டாட்டிக் என்ற ஃபோல்டருக்குள் ஐந்து தனிக் கோப்புகளும் இருக்கும். அச்சகத்தில் பழைய மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஸ்டாட்டிக் ஃபோல்டரில் இருக்கும் ஐந்தை மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். வேரியபிளையும் சேர்த்துப் போட்டால் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்து குழப்பும்.

காசு கட்ட வேண்டுமா என்று வாடிக்கையாளர் கேட்டால் தைரியமாக இல்லை என்று சொல்லலாம். ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் விட்டிருக்கிறார்கள். லேபிள், லோகோ, புத்தகம், விற்பனைப் பொருள் எதிலும் போடலாம். எழுத்துருக் கோப்பைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அடுத்து, வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை. நான் எப்போதும் அடிப்பது: "ஸ்ரீ கொழுக்கட்டை ஜோர்". சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. கொ-வில் முன்னால் கொம்பு, பின்னால் கால். மென்பொருளுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். ழு-வின் வால் ஒட்டியிருக்கிறதா, ட்டை-யில் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா, ஜோ-வில் இரட்டைக்கொம்பு முன்னால் வந்ததா என்று இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். ஸ்ரீ எதற்கு என்றால், சில கீபோர்டுகள் அதை ஸ் போட்டு உருவாக்கும், சில ஶ் போட்டு உருவாக்கும். திரையில் ஒன்று போல இருந்தாலும் உள்ளே வேறு வேறு. ஸ்ரீ சேராமல் உடைந்து நின்றால் இன்னொரு வழியில் அடித்துப் பாருங்கள்.

கொம்பு இடம் மாறினால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவில் அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர் என்று இருக்கும், அதைத் தேர்வு செய்ய வேண்டும். போட்டோஷாப்பின் சில பதிப்புகளில் பிரிஃபரன்சஸில் டைப் என்ற பகுதியில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் இருக்கும். இன்னும் பழைய பதிப்புகளில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று இருக்கும். மாற்றிவிட்டு ஒருமுறை மூடித் திறந்தால் சரியாகிவிடும். இலவசமாக வேண்டும் என்பவர்களுக்கு இங்க்ஸ்கேப். அதில் தமிழ் எந்த அமைப்பும் மாற்றாமலே ஒழுங்காக வரும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த வாசகத்தை அப்படியே கொண்டுவந்து பாலூவைப் போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தடிமனும் மையும்

ஐந்து தடிமன் இருக்கிறதே என்று எல்லோரும் கடைசியைத்தான் எடுப்பார்கள். "இன்னும் தடிமனா இல்லியாம்மா?" என்று கேட்காத அண்ணாச்சி இந்தப் பஜாரில் கிடையாது. ஆனால் தமிழில் ண, ஞ, ணை மாதிரி எழுத்துகளுக்குள் சின்னச் சின்னக் கண்கள் உண்டு. எக்ஸ்ட்ராபோல்டில் அந்தக் கண்கள் ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கும். பட்டாசுப் பெட்டிக்கு வருவது டூப்ளெக்ஸ் அட்டை. முறுக்குப் பொட்டலத்தின் சீட்டுக்கு மேப்லித்தோ என்ற பூச்சில்லாத தாள். மேப்லித்தோவில் மை கொஞ்சம் ஊறிப் பரவும். திரையில் திறந்திருந்த கண், அச்சில் மூடிக்கொள்ளும். "புஸ்வாணம்" சின்ன அளவில் எக்ஸ்ட்ராபோல்டில் அடித்துப் பாருங்கள், ண இருந்த இடத்தில் மூன்று கறுப்பு உருண்டைதான் தெரியும்.

நான் வைத்திருக்கும் அளவு இது. 36 பாயின்ட்டுக்கு மேல் இருந்தால் எக்ஸ்ட்ராபோல்டு. 20 முதல் 36 வரை போல்டு. 14 முதல் 20 வரை செமிபோல்டு. 14க்குக் கீழே தம்பிக்கு வேலை இல்லை, முக்த மலர் பார்த்துக்கொள்ளும். பளபளப்பான ஆர்ட் பேப்பர் என்றால் ஒரு படி தடிமன் கூட்டிக்கொள்ளலாம்.

ரிவர்ஸில் கணக்கு தலைகீழ். கலர் பின்னணிக்கு நடுவே எழுத்தை வெள்ளையாக விட்டால், சுற்றியிருக்கும் மை எழுத்துக்குள் புகுந்து அதை மெலிய வைக்கும். நாலு கலர் ஓட்டத்தில் ஒரு பிளேட் முடி அளவு நகர்ந்தாலும் மெல்லிய வெள்ளை எழுத்தின் ஓரத்தில் நீலமோ சிவப்போ எட்டிப் பார்க்கும். அங்கே செமிபோல்டைக் கொடுத்தால் எழுத்து சாப்பாடு கிடைக்காதவன் மாதிரி நிற்கும். ஒரு படி தடித்ததை எடுங்கள். இங்கே மட்டும் அண்ணாச்சி சொல்வது சரி.

வரியை அடுக்குவது

தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் ஆள் உண்டு. மேலே புள்ளி, மேல்விலங்கு, அதன் சுழி. கீழே கு, மு, பு, று, ழு இவற்றின் வால். இதற்கெல்லாம் இடம் விட்டுத்தான் பாலூவைச் செய்திருக்கிறார்கள். அதனால் இரண்டு வரித் தலைப்பு அடித்தால் நடுவில் ஒரு வரிக்கு இடம் காலியாகக் கிடக்கிற மாதிரித் தெரியும். தலைப்பு ஒரு கட்டியாக நிற்காது. வரி இடைவெளியைக் கையால் குறைக்க வேண்டும்.

குறைக்கும்போதுதான் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். போன தீபாவளிக்கு ஒரு பலகாரக் கடைக்கு "முறுக்கு, சீடை" என்று இரண்டு வரி. முறுக்கு மேலே, சீடை கீழே. மு-வின் வால் நேராக இறங்கி, சீ-யின் சுழியில் இடித்தது. எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன், தள்ளி வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. அரை மணி நேரம் போனபின் சீடையை மேலே தூக்கிப் போட்டேன். சீடைக்குக் கீழே வால் எதுவும் இல்லை. முறுக்குக்கு மேலே ஒரு புள்ளிதான். இரண்டும் கதவும் நிலையும் மாதிரிப் பொருந்திவிட்டன. கடைக்காரர் "முறுக்குதான நம்ம ஸ்பெஷல், அதைக் கீழே போட்டுட்டீங்களே" என்றார். "கீழே இருக்கிறதாலதான் அண்ணாச்சி பெரிசாப் போட முடிஞ்சுது" என்றேன். அளவைப் பார்த்தார், சமாதானமாகிவிட்டார்.

ஆகவே தலைப்பை அடித்ததும் முதல் வேலை, எந்தச் சொல்லுக்கு வால் அதிகம், எந்தச் சொல்லுக்குத் தலைமேல் பாரம் அதிகம் என்று பார்ப்பது. வால் உள்ள சொல்லைக் கீழ் வரிக்கு அனுப்புங்கள். வரிசையை மாற்ற முடியாத வாசகம் என்றால், சொல்லை இடமோ வலமோ நகர்த்தி, வால் அடுத்த வரியின் இரண்டு எழுத்துக்கு நடுவில் விழுகிற மாதிரி வையுங்கள்.

எழுத்துக்கு நடுவே இடைவெளி கூட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத் தலைப்பில் அது அழகாக இருக்கும். தமிழில் வேண்டவே வேண்டாம். சில மென்பொருள்கள் கா-வைக் க என்றும் கால் என்றும் இரண்டாகப் பிரித்துவிடும். கொ-வோ மூன்று துண்டு. படிக்கிறவருக்கு அது பல் விழுந்த வாய். வேண்டுமானால் லேசாக நெருக்கலாம்.

ஆட்டமும் அவுட்லைனும்

குழந்தைகள் சமாச்சாரம் என்றால் எழுத்து குதிக்க வேண்டும் என்பார்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று சாய்ந்து. செய்யலாம். எழுத்தை முதலில் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றுங்கள். மாற்றியதும் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக வந்துவிடும். அங்கேதான் பழகாதவர்கள் கோட்டை விடுவார்கள். "கோலி" என்ற சொல்லில் இருப்பது இரண்டு எழுத்து. திரையில் இருப்பதோ இரட்டைக்கொம்பு, க, கால், லி என்று நாலு துண்டு. துண்டு துண்டாகச் சாய்த்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் விழும். கொம்பையும் க-வையும் காலையும் ஒரு குரூப்பாகக் கட்டிவிட்டு, அந்தக் குரூப்பைத்தான் சாய்க்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்துக்கும் அப்படியே: புள்ளியும் எழுத்தும் ஒரு குரூப். வாயால் எப்படி எழுத்துக் கூட்டிப் படிப்பீர்களோ அப்படிக் கட்டுங்கள்.

எவ்வளவு சாய்க்கலாம்? நாலைந்து டிகிரி. பாலூவுக்கு உள்ளேயே துள்ளல் இருக்கிறது, நீங்கள் வேறு பதினைந்து டிகிரி சாய்த்தால் குடித்தவன் நடை ஆகிவிடும். மூன்று எழுத்துக்கு ஒன்றைச் சாய்த்தாலே ஆட்டம் வந்துவிடும். இரண்டு வாலுள்ள எழுத்து பக்கத்தில் வந்தால் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் சாய்க்காதீர்கள், வால்கள் பின்னிக்கொள்ளும்.

சுற்றி அவுட்லைன் போடுவது பட்டாசு லேபிளுக்கு வழக்கம்: மஞ்சள் எழுத்து, சிவப்பு அவுட்லைன், அதற்குப் பின்னால் நீல நிழல். இதில் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "மத்தாப்பு" என்ற சொல்லுக்குத் தடியாக அவுட்லைன் கொடுத்தேன். அது எழுத்தின் ஓரத்திலிருந்து பாதி வெளியே, பாதி உள்ளே என்று போட்டிருக்கிறது. உள்ளே போன பாதி த்-தின் புள்ளியையும் ப்-பின் புள்ளியையும் விழுங்கிவிட்டது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது மெலிதாகத் தெரிந்தது. அச்சில் "மததாபபு". ஆயிரம் ஷீட் ஓடியபின்தான் மெஷின்மேன் அண்ணன் கூப்பிட்டார். பாதிக் காசு என் சம்பளத்தில் போனது.

அதிலிருந்து செய்வது இப்படி. கர்வ்ஸாக மாற்றியதும் முதலில் வெல்டு, அதாவது துண்டுகளை ஒரே வடிவமாக ஒட்டுவது. எழுத்தின் துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால், வெல்டு செய்யாமல் அவுட்லைன் போடும்போது எழுத்துக்குள்ளே கோடு கிழித்த மாதிரித் தெரியும். அப்புறம் அவுட்லைனை எழுத்துக்குப் பின்னால் போகும்படி வையுங்கள். கோரல் டிராவில் அதற்கு பிஹைண்ட் ஃபில் என்று ஒரு டிக் இருக்கிறது. இப்போது புள்ளி முழுசாக இருக்கும். மூலையை ரவுண்டு என்று தேர்வு செய்யுங்கள். கூர் மூலையை விட்டால் இவ்வளவு உருண்டையான எழுத்திலிருந்து அங்கங்கே முள் முளைக்கும். கடைசியாக, நூறு சதவீத அளவில் ஒரு காகிதத்தில் சாதாரண பிரிண்டரில் எடுத்து, கை நீட்டிய தூரத்தில் வைத்துப் புள்ளிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் ப்ரூஃப்.

வெளியூர்ப் பெட்டி

எங்கள் வேலையில் பாலூ உண்மையாகக் கைகொடுப்பது இங்கேதான். சிவகாசிப் பட்டாசு நாடு முழுக்கப் போகிறது. ஒரே பெட்டியில் தமிழ், இந்தி, தெலுங்கு, சில நேரம் மலையாளமும் கன்னடமும் கேட்பார்கள். முன்பெல்லாம் தமிழுக்கு ஒரு குண்டு எழுத்து, இந்திக்குக் கிடைத்த ஏதோ ஒன்று, தெலுங்குக்கு இன்னொன்று என்று வைத்து, பெட்டி நாலு வீட்டுக்காரர் ஒரே திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இப்போது தமிழுக்குத் தம்பி, இந்திக்கு வெறும் பாலூ 2, தெலுங்குக்குத் தம்முடு. ஒரே முகச்சாயல், ஒரே ஐந்து தடிமன்.

ஆனாலும் ஒரே பாயின்ட்டில் அடித்துவிட்டு எழுந்து போகக் கூடாது. தமிழ்ச் சொல் அகலம் கேட்கும். இந்தி எழுத்து தலைக்கோட்டில் தொங்குவதால் மேல்பக்கம் கனமாகத் தெரியும். தெலுங்குக்கு அடியில் ஒத்தெழுத்து வந்தால் இன்னொரு அடுக்கு இடம் வேண்டும். பாயின்ட் எண்ணைப் பார்க்காமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூன்றும் ஒரே கறுப்பாகத் தெரிகிறதா என்று பார்த்து ஏற்றி இறக்குங்கள். தெரியாத மொழியை அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பிளேட்டுக்கு அனுப்பாதீர்கள். கர்வ்ஸ் ஆனபின் ஒரு துண்டு காணாமல் போனால் நமக்குத் தெரியாது, ஹைதராபாத்தில் வாங்குகிறவருக்குத் தெரியும்.

எல்லோரிடமும் இருக்கும் தம்பி

இலவசம் என்பதால் வந்த தொல்லை ஒன்றும் இருக்கிறது. எங்கள் கடைத்தெருவில் ஒரே வரிசையில் மூன்று பலகைகளில் பாலூ தம்பி. ஒன்று நான் செய்தது, ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மாற்று, கர்வ்ஸ் ஆனபின் ஒரே ஒரு எழுத்தில் கை வைப்பது. அந்தப் பலகாரக் கடைக்கு மு-வின் வாலை நீட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்காக்கினேன். சங்குச் சக்கரத்துக்குச் ச-வை விட்டுவிட்டு ம்-மின் புள்ளியைத் தீப்பொறியாக்கினேன். ஒரு எழுத்து போதும். இரண்டாவதில் கை வைக்கத் தோன்றும், வையாதீர்கள். மூன்றாவதற்குப் போகும்போது சொல் படிக்க வராது. மாற்றுவதற்கு ஏற்றது வாலோ புள்ளியோ சுழியோதான். எழுத்தின் உடம்பைத் தொட்டால் ழ ஒன்று ம ஆகும், இல்லை எதுவும் ஆகாது.

வேலை முடிந்ததும் இரண்டு கோப்பு வையுங்கள். ஒன்று கர்வ்ஸ் ஆனது, அச்சகத்துக்கு. இன்னொன்று எழுத்தாகவே இருப்பது, உங்களுக்கு. அடுத்த வருடம் அண்ணாச்சி வந்து "200 கிராமை 180 ஆக்கணும்மா" என்பார், அப்போது கர்வ்ஸை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கோப்பின் பெயரிலேயே எழுத்துருவின் பெயரையும் தடிமனையும் எழுதிவிடுங்கள். மென்பொருளை மூடுவதற்கு முன் எழுத்துருவைச் சாதாரணமான ஒன்றுக்கு மாற்றி வைத்துவிட்டு எழுந்திருங்கள். இது பையனுக்கு மட்டும் சொன்னதில்லை, அன்றைக்கு அதை அப்படியே விட்டுப் போனது நான்தான். அஞ்சலி போஸ்டரை அன்று சாயந்திரமே நோட்டோ செரிஃப் தமிழில், கறுப்பில், சின்ன அளவில் அடித்து, காசு வாங்காமல் கொடுத்தனுப்பினோம்.